வீட்டுப் பாஷையும் வீதிப் பாஷையும்

மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள வீதிகளில் காலை வேளையில் நடந்து செல்லும் நேயர்கள் ஒரு விசேஷத்தைக் கவனிக்கலாம். வாசலில் கீரைக்காரியுடன் பேரம் பேசும் அம்மாளின் வாயில் அசல் மதுரைத் தமிழ் விளையாடும். அடுத்த கணமே உள்ளே திரும்பிக் குழந்தையை அழைக்கும்போது வேறொரு பாஷை வரும். அதுதான் சௌராஷ்டிரம். குஜராத்திக்கு உறவான அந்தப் பாஷை, வந்த வழியெல்லாம் மராத்தி, கன்னடம், தெலுங்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு, இங்கே தமிழுடன் கலந்து வாழ்கிறது.

இரண்டு பாஷை பேசுகிறவனுக்கு மனமும் இரண்டாகிவிடாதா என்று சிலர் ஐயுறுவதுண்டு. மதுரைச் சரித்திரம் இதற்கு வேறு விதமாக விடை கூறுகிறது. 1939ல் மீனாட்சியம்மன் ஆலயப் பிரவேசத்தில் வைத்தியநாதய்யருக்குத் துணை நின்ற என். எம். ஆர். சுப்பராமன் இந்தச் சமூகத்தவர். 1922ல் மதுரையில் பிறந்து, தமிழ் உச்சரிப்புக்கே இலக்கணமாக விளங்கிய பாடகர் டி. எம். சௌந்தரராஜனும் அவ்வாறே. வீட்டுப் பாஷை இவர்களுடைய தேசபக்தியையோ தமிழையோ எள்ளளவும் குறைத்துவிடவில்லை.

ஆயினும், "நீங்கள் யார்?" என்ற கேள்வி இவர்களை நெடுங்காலமாகத் தொடர்ந்தே வந்திருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்தில், உபாகர்மம் செய்ததற்காக இச்சமூகத்தார் பதினெண்மர் சிறைப்பட்டனர். ராணி சாஸ்திரமறிந்தோரின் சபையைக் கூட்டி, அவர்களுக்குச் சாதகமாகவே ஓலைத் தீர்ப்பு வழங்கினாள். தாம் யார் என்பதற்குப் பிறரிடமிருந்து ஓலை பெற வேண்டிய நிலை எத்தகைய மனவருத்தம் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிலிப்பைன் தீவினருக்கும் இத்தகைய வருத்தம் உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினும், பின்னர் அமெரிக்காவும் அவர்களை ஆண்டன. இன்று அவர்களில் லட்சக்கணக்கானோர் அயல்நாடுகளில் உழைக்கின்றனர். அந்நியர் வகுத்த அளவுகோலால் தம் மக்களின் மனத்தை அளக்கலாகாது, அம்மக்களின் சொற்களைக் கொண்டே அதை அறிய வேண்டும் என்று வாதித்தார், விர்ஜீலியோ என்ரிக்கஸ் என்னும் மனோதத்துவ அறிஞர். 1975ல் அதற்கென ஒரு சங்கமும் கண்டார். 'கப்வா' என்ற சொல்லை அவர் தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொண்டார். பிறனையும் தன்னையும் ஒன்றாகக் காணும் நிலையை அது குறிக்கிறது.

ஆகவே ஒரு சொல் அழிந்தால் அதனுடன் ஓர் எண்ணமும் அழிகிறது. சௌராஷ்டிரர் இதை உணராதவரல்லர். 1843ல் மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் தம் தாய்மொழியில் கீர்த்தனங்கள் பாடினார். அழகர் கோவில் சாலையில், காதக்கிணற்றில் அவருடைய பிருந்தாவனம் இருக்கிறது. தொ. மு. இராமராய் அம்மொழியின் லிபிக்காகவே பாடுபட்டார். 2008ல் கணிப்பொறிக்குரிய யூனிகோட் வரிசையிலும் அந்த லிபி இடம் பெற்றது. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

ஜனத்தொகைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சௌராஷ்டிரமே தாய்மொழி என்று 2001ல் கூறியவர்கள் 1,85,420 பேர்; 2011ல் 2,47,702 பேர். குழந்தைகள் பிறந்ததனால் மட்டும் பத்தாண்டுகளில் இவ்வளவு பெருக்கம் ஏற்பட்டிராது. முன்பு சொல்லாது விட்டவர் பலர் பின்பு சொன்னார்கள் என்றே நாம் கருதுகிறோம். கணக்கெடுப்பவரிடம் தாய்மொழியின் பெயரைச் சொல்வதற்கும் மனத்தில் சற்றுத் தைரியம் வேண்டியிருக்கிறது.

அந்தத் தைரியத்தைக் கொடுப்பதும் கெடுப்பதும் அண்டை வீட்டாராகிய நம் கையில் இருக்கிறது. அயல்நாட்டில் பிறந்த பேரன் தமிழில் பதில் சொல்லவில்லையென்று நம்மில் எத்தனையோ பாட்டிமார் கண்ணீர் வடிக்கின்றனர். அதே வருத்தம் அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் உண்டு. உடன் படிக்கும் சௌராஷ்டிரச் சிறுவனின் பேச்சைக் கேட்டு நம் குழந்தை நகைத்தால், தாய்மார்கள் உடனே திருத்த வேண்டும். அவனிடமிருந்து நாலு வார்த்தை கற்றுவரும்படி அனுப்பினால் இன்னும் நல்லது.