கடலின் கணக்கு கரைக்கு வரட்டும்

கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையில் ஊர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என நீளும் எமது கரையோரத்தின் அமைப்பு இதுதான். இங்கு வாழும் முஸ்லிம்களும் தமிழர்களும் வலையையும் மண்வெட்டியையும் நம்பியே தலைமுறை தலைமுறையாய்ப் பிழைத்து வந்துள்ளனர். வாடைக்காற்று எப்போது எழும், கச்சான் எப்போது ஓயும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லும் முதியோர் எமது ஊர்களில் இன்றும் உளர். ஆயினும் அக்காற்றுக்குப் பின்னால் நிற்கும் கடலைப் பற்றி உலகம் திரட்டியுள்ள அறிவில் எமக்கு வந்து சேர்ந்த பங்கு எவ்வளவு? இக்கேள்வி எமது மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது.

நாட்டில் ஒலித்த விவாதம் வேறு. எந்த நாட்டுக் கப்பலை உள்ளே விடலாம், எதனை விடலாகாது என்பதே அது. 2022 ஓகஸ்டில் சீனத்தின் ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்தது. புதுடில்லி கவலை தெரிவித்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் ஓராண்டுக்கு அந்நிய ஆய்வுக் கப்பல்கள் எவற்றுக்கும் இடமில்லை என்று அன்றைய அரசு அறிவித்தது. தடைக்காலம் முடிந்த பின்னரும் முடிச்சு அவிழவில்லை. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய நாடுகளின் கொடியோடு வரவிருந்த ‘டாக்டர் பிரித்யோவ் நான்சன்’ கப்பலின் பயணமும், அனுமதிக்கான நடைமுறை விதிகள் முடிவாகாத நிலையில் நடைபெறாது போயிற்று.

அரசு அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. கடலடியை அளக்கும் கருவி மீன்வளத்தை அறியவும் உதவும், நீர்மூழ்கிக் கப்பலுக்கு வழிகாட்டவும் உதவும். பெரிய வல்லரசுகளுக்கு நடுவே சிறிய நாடு எச்சரிக்கையோடுதான் நடக்கவேண்டும். ஆனால் எச்சரிக்கை வேறு, கதவடைப்பு வேறு. கதவடைப்பினால் வரும் நட்டம் கொழும்பின் அமைச்சுகளைத் தாக்குவதில்லை. கரைவலை இழுப்பவனையும் வரம்பில் நிற்பவனையுமே தாக்குகிறது.

நான்சன் கப்பலின் வரலாற்றையே முதலில் நோக்குவோம். நோர்வே நாடும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தின் கீழ், இப்பெயர் தாங்கிய முதற்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலின் மீன்வளத்தை மதிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2018 ஜூன், ஜூலை மாதங்களில், அதே பெயருடைய புதிய கப்பல், ‘நாரா’ எனப்படும் எமது தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளோடு மீண்டும் எமது கடலைச் சுற்றி வந்தது. ஒலியலையைச் செலுத்தி மீன்கூட்டத்தை அளப்பதும், வலை இழுத்து மாதிரி எடுப்பதும், பல ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஒட்சிசனையும் கணக்கிடுவதும் அதன் பணிகள்.

ஒரு தடவை அளந்தால் கிடைப்பது ஓர் எண். மறுபடியும் அளந்தால்தான் வளம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று தெரியவரும். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நாடி பார்க்கும் வைத்தியனை எவரும் மெச்சார். வலையில் சூடையும் கீரியும் குறைந்தால் அது கடல் சூடேறியதன் விளைவா, அளவு மீறிப் பிடித்ததன் விளைவா என்று மீனவன் கேட்கிறான். அதற்கு விடை சொல்லவல்ல கணக்கு, 2025இல் தவறிய பயணத்தால் மேலும் தள்ளிப்போயிற்று.

நாடுகள் கூடி ஆராயாததன் விலை என்னவென்று எமது கரைக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அலை எமது கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்திற்குள்ளேயே நிலநடுக்கத்தை அறிந்து முதல் அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் நாடுகள் 1965ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழுவின் கீழ் தமக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியிருந்தன. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. செய்தி இருந்தது, அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை.

அதன் பின்னரே நாடுகள் விழித்தன. 2005இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் பயனாக, 2011 ஒக்டோபர் முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இச்சமுத்திரம் முழுமைக்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவின் அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, எச்சரிக்கை வந்தது. எமது கரையோர மக்கள் மேட்டு நிலம் நோக்கி நகர்ந்தனர். அன்று பேரலை எழவில்லை. எழுந்திருந்தால், ஆயத்தமாயிருந்திருப்போம். கூட்டறிவின் பயன் இதுவே.

“இது மீனவன் கதை, எனக்கென்ன?” என்று சம்மாந்துறை விவசாயி கேட்கக்கூடும். வயலுக்கு வரும் மழை கடலில் கருக்கொள்கிறது என்பதை அவருக்கு எடுத்துரைப்போம். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி சூடேறி, சுமாத்திராவை அடுத்த கிழக்குப் பகுதி குளிரும் ஆண்டுகள் உண்டு. இந்தியரும் யப்பானியருமான நால்வர் கொண்ட ஆய்வுக்குழு 1999இல் இந்நிலையை இனங்கண்டு உலகுக்கு அறிவித்தது. ‘இந்து சமுத்திர இருமுனைவு’ என்று அதனைச் சொல்லலாம். அத்தகைய ஆண்டுகளில் செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை, அதாவது எமது பெரும்போகத்துக்கு விதைக்கும் காலத்தில், இலங்கையில் மழை வழக்கத்தை விஞ்சிப் பெய்யும் போக்கு உண்டு. இதை முன்கூட்டி அறிந்தால் விதைப்புத் திகதியையும், விதை நெல்லின் வயதையும், இங்கினியாகலை நீர்த்தேக்கத்தின் நீரைத் திறக்கும் முறையையும் திட்டமிடலாம். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர்மட்டம் பேசப்படுவதுபோல் கடலின் வெப்பமும் பேசப்படவேண்டும்.

1978 நவம்பர்ச் சூறாவளியை முதியோர் மறக்கவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் அள்ளிச்சென்ற மாணவச் சிறுவர்களை எவர் மறப்பார்? 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வங்கக் கடலை அறியாமல் கிழக்கிலங்கையில் உழவும் இல்லை, உயிர்ப் பாதுகாப்பும் இல்லை.

அக்கடலை அறியும் முயற்சி எமது வாசலிலேயே நடந்ததுமுண்டு. கச்சான் வீசும் மாதங்களில் இலங்கையின் கிழக்கே கடலின் அடிநீர் மேலெழுந்து குளிர்ந்த வட்டமொன்றை உருவாக்குகிறது. விஞ்ஞானிகள் அதற்கு ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே பெயரிட்டுள்ளனர். அடிநீரோடு மேலே வரும் சத்து, நுண்பாசிகளுக்கு உணவாகிறது. நுண்பாசிகளை நம்பியே மீன் வாழ்கிறது. 2016 ஜூன், ஜூலை மாதங்களில் இந்தியாவின் ‘சிந்து சாதனா’ கப்பல், பிரித்தானிய விஞ்ஞானிகளின் பங்கேற்போடு, 8 பாகை வட அகலக்கோட்டின் வழியே தென் வங்கக் கடலை ஆராய்ந்தது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் வினயச்சந்திரன். இருமுனைவை 1999இல் அறிவித்த நால்வரில் அவரும் ஒருவர். கல்முனை இருப்பது ஏறத்தாழ ஏழரைப் பாகையில். எம் வாசலுக்கு நேரே அகன்ற கடலில் கண்ட உண்மைகள் ஆங்கில ஏடுகளில் வெளிவந்தன. எமது கடற்றொழிலாளர் சங்கங்களில் அவற்றைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

இந்தியா இத்துறையில் முன்னேறிய வழியும் கவனத்துக்குரியது. 1959 முதல் 1965 வரை 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்குகொண்ட சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நடைபெற்றது. வந்த கப்பல்களை வழியனுப்பிவிட்டு இந்தியா வாளாவிருக்கவில்லை. திரட்டிய மிதவையுயிர் மாதிரிகளைப் பிரித்தறியும் நிலையத்தைக் கொச்சியில் அமைத்தது. 1966இல் தேசிய கடலியல் நிறுவனத்தை நிறுவியது. இரண்டாவது ஆய்வுப் பயணம் 2015இன் இறுதியில் கோவாவிலிருந்தே புறப்பட்டது. பந்தியில் அமர்ந்தவன் பாத்திரத்தோடு வீடு திரும்பினான் என்பதே இதன் பாடம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கை 1994இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையின் 246ஆம் உறுப்புரை, எமது பொருளாதார வலயத்தில் ஆய்வு நடத்த எமது சம்மதம் வேண்டும் என்கிறது. சாதாரண நிலைமைகளில் சமாதான நோக்கமுடைய ஆய்வுக்குச் சம்மதம் வழங்கப்படவேண்டும் என்றும் அதே உறுப்புரை விதிக்கிறது. 248ஆம் உறுப்புரையின்படி ஆறு மாதங்களுக்கு முன்னரே முழு விபரமும் தரப்படவேண்டும். 249ஆம் உறுப்புரை இன்னும் பெறுமதி வாய்ந்தது: எமது விஞ்ஞானிகள் கப்பலில் ஏறலாம், அறிக்கைகளைக் கேட்டுப் பெறலாம், தரவுகளையும் மாதிரிகளையும் அணுகலாம், அவற்றின் பொருளை விளங்கிக்கொள்ள உதவியும் கோரலாம். திறப்பு எமது கையிலேயே இருக்கிறது. திறப்பை வைத்திருப்பவன் வாசலை மண்ணிட்டு மூடவேண்டியதில்லை.

ஆனால் அந்த உரிமையைக் கொழும்பு தன் உடைமையாகக் கருதலாகாது. அது கரையோர மக்களின் சார்பில் அரசு வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு. நம்பிக்கைப் பொறுப்பாளன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழை அரச கரும மொழியாகவும் நிர்வாக மொழியாகவும் ஏற்றுள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் கேட்கும் உரிமையைத் தந்துள்ளது. ஆகவே, எமது கடலைப் பற்றிய கணக்கை எமது மொழியில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அறிவு கரையில் நிலைகொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒலுவில் சாட்சி. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி, 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாய் நகரும் மணலை அலைதாங்கிகள் தடுத்தன. வடபுறம் மணலின்றி மெலிந்தது. கடல் தென்னந்தோப்புகளைத் தின்றுகொண்டு நிந்தவூர் வரை சென்றது. கட்டுமுன் செய்யும் ஆய்வு ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். மணலோ ஓய்வதில்லை. அதை நாளும் அளக்கும் நிலையான கண்ணொன்று கரையிலேயே இருக்கவேண்டும்.

அதற்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை. காலஞ்சென்ற அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் தோற்றம் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஒலுவிலில், அலையோசை கேட்கும் தொலைவிலேயே நிற்கிறது.

எனவே நாம் கோருபவை நான்கு. முதலாவது, ஆய்வுக் கப்பல்களுக்கான விதிகள் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலாகப் பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். விண்ணப்பத்துக்குக் குறித்த தவணையில் ஆம், இல்லை என்ற விடை கிடைக்கவேண்டும். இரண்டாவது, கீழைக் கடலில் நடக்கும் ஒவ்வொரு ஆய்விலும் தென்கிழக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளருக்கு இடம் ஒதுக்கப்படவேண்டும். மூன்றாவது, ஒலுவிலில் முழுமையான கடலாய்வுக் கூடம் அமையவேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ‘ஆர்கோ’ மிதவைகள் பத்து நாளுக்கொரு முறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து அனுப்பும் கணக்கு யாவருக்கும் இலவசம். அதைப் படித்து எமக்குச் சொல்ல ஆட்களைப் பயிற்றுவது அக்கூடத்தின் முதற்பணியாகட்டும். நான்காவது, 2018 ஆய்வு உட்பட எமது கடலைப் பற்றிய அறிக்கைகளின் சாரம் தமிழில் அச்சாகி, கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் வந்துசேரவேண்டும்.

வழக்கறிஞரும் ஆசிரியரும் பொறியியலாளரும் இதில் வாளாவிருக்கலாகாது. தகவலறியும் விண்ணப்பம் எழுத ஒரு தாள் போதும். மருதமுனை முதல் பொத்துவில் வரை ஒவ்வொரு சங்கமும் அந்தத் தாளை எழுதட்டும். கேட்காத கடன் வசூலாகாது.