விடுதலையும் சுதந்திரமும்

விடுதலை, சுதந்திரம் ஆகிய இரு சொற்களும் நாள்வழக்கில் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. ஆயினும், வேரை நோக்கினால் வேறுபாடு புலப்படும். விடுதலை என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கட்டிலிருந்து நீங்குதலைக் குறிப்பது. சுதந்திரம் என்னும் வடசொல்லோ, தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் நிலையைச் சுட்டுவது. முன்னதற்குத் தடை நீங்கினால் போதும். பின்னதற்குத் தன் வாழ்வு பற்றிய முடிவில் தனக்கும் இடம் வேண்டும்.

அரசியல் தத்துவ அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். ஆங்கிலத்தில் வழங்கும் ஃப்ரீடம், லிபர்ட்டி என்னும் சொற்களை ஐசாயா பெர்லின் தம் 1958ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு உரையில் ஒரே பொருளில் ஆண்டார். ஹன்னா அரெண்ட் 1963இல் வெளியிட்ட ‘புரட்சி குறித்து’ என்னும் நூலில், அடக்குமுறையிலிருந்து விடுபடுதல் வேறு, பொதுச்செயல்களில் பங்கேற்கும் சுதந்திரம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். விடுபட்டவர் அனைவரும் சுதந்திரம் பெற்றவராகிவிடுவதில்லை என்பது அவர் கருத்து.

இக்கருத்தை உரைத்துப் பார்க்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில் இரவும் பகலும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடுகின்றன. ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிமுறைதோறும் பெண்கள் திரளாக உழைக்கின்றனர். இரவுப்பணி அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்கள் வேலை செய்யலாம் என வரையறுத்திருந்தது. பாதுகாப்பின் பெயரால் எழுந்த அத்தடை, வேலைவாய்ப்பையும் சேர்த்தே மறித்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அது சமத்துவத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு முதலியவற்றை இரவுப்பணிக்கு நிபந்தனைகளாக்கியது. தடை நீங்கியது, அது விடுதலை.

விடுதலையோடு எல்லாம் நிறைவுற்றதா? 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டித்துப் பெண் தொழிலாளர்கள் திருப்பெரும்புதூர் அருகே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இரவில் வேலை செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது. உண்ணும் உணவையும் உறங்கும் இடத்தையும் பற்றிக் கேட்கப்படும் குரல் இல்லை. அதனாலேயே சாலை அவர்களது அவையாயிற்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி திறக்கப்பட்டது. இது போற்றத்தக்க முயற்சி. ஆயினும், கட்டடம் தருவது வசதி மட்டுமே. எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யார் வந்து காணலாம், உணவில் குறையிருப்பின் யாரிடம் முறையிடுவது என்பனவற்றை வகுப்பவர் யார் என்னும் வினா எவ்விடுதிக்கும் உரியது.

தொலைவிலிருந்து வரும் இளம்பெண்களுக்குக் கட்டுப்பாடுகளே காவல் என்பர் சிலர். பெற்றோரின் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், வேலையின் ஆபத்தைத் தாங்கும் வயதினர்க்குத் தம் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் அறிவும் உண்டு. அவர்களைக் கேளாமல் வகுக்கப்படும் காவல், நீதிமன்றம் நீக்கிய பழைய தடையையே வேறு வாயில் வழியாக மீண்டும் கொண்டுவரும். அவர்களையும் உட்படுத்தி வகுக்கப்படும் விதியோ, கண்டிப்பானதாயினும் அவர்களுடையதாகும்.

அரசமைப்பின் 19ஆம் உறுப்பு, பேச்சுரிமையோடு சங்கம் அமைக்கும் உரிமையையும் ஒருங்கே வைத்துள்ளது. தனிக்குரல் எளிதில் அடங்கிவிடும். கூடி எழும் குரலே முடிவுகளை மாற்றும். எனவே, ஒவ்வொரு தொழிலாளர் விடுதியிலும் தங்குவோர் தாமே தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அமைதல் வேண்டும். சட்டமும் நீதிமன்றமும் விடுதலையை வழங்க இயலும். அவ்விடுதலை சுதந்திரமாக மலர்வது, உழைப்பவர் தம் வாழ்வின் விதிகளை வகுக்கும் இடத்தில் அமரும்போதுதான்.