பக்கவாதம்: காக்க வந்த செல்களே மூளையைக் காயப்படுத்துவது ஏன்?

‘இம்யூனிட்டி எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானே?’ கொரோனாவுக்குப் பிறகு நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். பக்கவாதம் தாக்கிய மூளைக்குள் எட்டிப் பார்த்தால் கதையே வேறு.

பெரும்பாலான பக்கவாதங்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பதால் வருபவை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் இறக்கின்றன. சாகும் செல்கள் கசியவிடும் பொருட்கள் அபாயச் சங்கு ஊதுகின்றன. மூளையிலேயே காவல் இருக்கும் மைக்ரோக்ளியா செல்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் ரத்தத்திலிருந்து வந்து குவிகின்றன.

சிக்கலே இங்கேதான். அங்கே கிருமி எதுவும் இல்லை. ஆனாலும் கிருமிக்காக வைத்திருந்த ஆயுதங்களை நியூட்ரோஃபில்கள் கொட்டிவிடுகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அரிக்கப்படுகிறது. வீக்கமும் ரத்தக்கசிவு ஆபத்தும் கூடுகின்றன.

‘அப்படின்னா அந்த செல்களைத் தடுத்துவிடலாமே?’ தடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாயில் ஒட்டாமல் செய்யும் என்லிமோமாப் மருந்து 625 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2001-ல் வெளியான முடிவில், மருந்து பெற்றவர்களின் நிலைதான் மோசம். எலியின் ஆன்டிபாடி என்பதால் அதுவே உடலின் எதிர்ப்பைத் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் விளக்கினார்கள். பிறகு வந்த நடாலிசுமாப் சோதனைகளும் கைகொடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இறந்த செல்களின் குப்பையை அகற்றி, காயம் ஆற உதவுவதும் நோய் எதிர்ப்பு செல்கள்தான். தவிர, பக்கவாதத்துக்குப் பிறகு உடலின் பொது எதிர்ப்பு சக்தி குறைகிறது. நிமோனியா எளிதில் தொற்றுகிறது. எனவே மொத்தமாக அணைப்பதும் தீர்வல்ல, மொத்தமாகத் தூண்டுவதும் தீர்வல்ல. எந்த செல்லை, எப்போது, எவ்வளவு அடக்குவது என்பதே ஆய்வாளர்கள் முன் உள்ள கேள்வி. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு அப்படி எதையும் வாங்கிக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு விடை வரும்வரை, நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கட்டியைக் குழாய் வழியாக எடுக்கும் சிகிச்சை, தகுதியான சிலருக்கு 24 மணி நேரம்வரை பலன் தரும். அடைப்பு சீக்கிரம் நீங்கினால் சாகும் செல்கள் குறையும், சங்கொலியும் குறையும்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா? ‘கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.