கடலம்மா மீது பழி ஏன்?

கூடலூர் விவசாயிகளைக் கேட்டால், தங்கள் வயலுக்கு வருகின்ற பெரியாற்றுத் தண்ணீர் யாரோ தேவர் கொடுத்த வரமென்று சொல்லமாட்டார்கள். மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆற்றை 1895-ல் அணையும், மலையைக் குடைந்த சுரங்கமுமே கிழக்கே திருப்பின என்பது அவர்கள் அறிந்த சங்கதி.

இந்த அறிவு சென்னை இராயபுரத்துக்கும் பொருந்துமென்கின்றோம். துறைமுகம் இல்லாத காலத்தில், அலையைக் கடந்து கப்பல் சரக்கை மசூலாப் படகில் கரை சேர்த்தவர்கள் அக்கரையோரத்து மக்களே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டதும் அங்கிருந்துதான். 1876-ல் துறைமுகக் கல்சுவர் எழத் தொடங்கிற்று. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாகப் போகும் மணல் அச்சுவரில் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்து, காற்று வாங்குவோருக்கு மெரினா அகலமாயிற்று. மணல் வராத வடக்கே மீனவர் குடிசைகளைக் கடல் தின்றது.

இதைக் கடலம்மாவின் கோபமென்று சூடம் கொளுத்திக் கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? கோபமாயிருந்தால் படையல் போடலாம். கல்சுவரானால் கணக்கல்லவா கேட்கவேண்டும்! துறைமுகத்தின் லாபம் ஊருக்கெல்லாம் என்றால், நஷ்டத்தை மாத்திரம் மீனவன் ஏன் சுமக்கவேண்டும்? அவனுக்கு வீடும் கரையும் கொடுப்பது தருமமல்ல, பட்ட கடனேயாகும்.