கோல் பிடித்த ஐம்பத்திரண்டு ஆண்டுகள்

அரங்கில் அமர்ந்து வாசித்தால் கலை, திடலில் நடந்தபடி வாசித்தால் கேளிக்கை என்றொரு பிரிவினையை நாம் அறிந்தும் அறியாமலும் கைக்கொண்டிருக்கிறோம். கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவைப் பயிற்றுவித்த ஆசிரியரை இசை வரலாறு ஓரடிக்குறிப்பில் முடித்துவிடுவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் வில்லியம் பாட்ரிக் ஃபாஸ்டரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அப்பிரிவினையில் ஐயம் தோன்றாமல் இராது.

1919-இல் கான்சஸ் மாநிலத்தில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபாஸ்டர். கிளாரினெட் வாசிப்பில் தேர்ந்து, கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 1941-இல் இசைக் கல்விப் பட்டம் பெற்றார். இசைக்குழு நடத்துநராக வேண்டும் என்பது அவர் கனவு. கறுப்பின நடத்துநர்களுக்கு வேலை எங்கும் கிடையாது என்று அங்கிருந்த கல்வித்துறைத் தலைவரே அவரிடம் கூறினார். அக்காலத்தில் அது வெறும் அச்சுறுத்தலன்று. நாட்டு நடப்பே அதுதான். பிறர் அவ்விடத்தில் கனவைக் கைவிட்டிருக்கக்கூடும். ஃபாஸ்டரோ, வெள்ளையரின் தலைசிறந்த குழுக்களுக்கு நிகரான ஒன்றைத் தாமே உருவாக்குவதென முடிவெடுத்தார்.

1946-இல் ஃபிளாரிடா மாநிலத்தின் டல்லஹாஸி நகருக்குச் சென்றார். இனப்பிரிவினை சட்டமாக இருந்த அம்மாநிலத்தில், கறுப்பின மாணவர்களுக்கான அரசுக் கல்லூரி அங்கிருந்தது. ஃபிளாரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் என்னும் இன்றைய பெயரை அது 1953-இல் பெற்றது. பதினாறு பேரோடு தொடங்கிய குழு சில ஆண்டுகளில் நூறைத் தொட்டு, ‘மார்ச்சிங் 100’ என்று பெயர் பெற்றது. 1998-இல் ஓய்வுபெறும்வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார்.

கால்பந்தாட்ட இடைவேளையில் மாணவர்கள் இராணுவ அணிவகுப்பின் விறைப்போடு நடந்து திரும்புவதே அதுவரை வழக்கம். ஃபாஸ்டரின் மாணவர்கள் ஆடினார்கள். முழங்காலை உயர்த்தி, கொம்பு வாத்தியங்களை வீசித் திருப்பி, கறுப்பின மக்களின் நடன அசைவுகளைத் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு அசைவுக்கிடையிலும் சுருதி பிசகக்கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பு. இதை வெறும் வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றவர், 1968-இல் இத்துறைக்கென்றே நூலொன்று எழுதியவர் அவர் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். 1985-இல் அக்குழு, கல்லூரி அணிவகுப்புக் குழுக்களுக்கான சட்லர் விருதைப் பெற்றது. 1989-இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில், அமெரிக்காவின் சார்பில் பாரிஸ் வீதியில் அதே குழு அணிவகுத்தது. வேலையே கிடையாது என்று சொல்லப்பட்டவரின் மாணவர்கள் அந்நாட்டின் முகமாயினர்.

இங்கேயே முடித்தால் இது புகழுரையாக நின்றுவிடும். 2010-இல் ஃபாஸ்டர் மறைந்தார். மறு ஆண்டு நவம்பரில், ஆர்லாண்டோ நகரில் ஓர் ஆட்டம் முடிந்த இரவு, அக்குழுவின் முன்னணி மாணவர் ஒருவர் பேருந்துக்குள் சக மாணவர்களால் ‘சடங்கு’ என்ற பெயரில் அடிக்கப்பட்டு உயிரிழந்தார். அவருக்கு வயது 26. குழு முடக்கப்பட்டது; 2013-இல்தான் மீண்டும் திடலேறியது. 2001-இலேயே மாணவர் ஒருவர் அடிபட்டுச் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தார் என்பதால், இதனைத் திடீர் விபத்து என்று கடந்துவிட முடியாது.

இதைக்கொண்டு ஃபாஸ்டரின் அரை நூற்றாண்டு உழைப்பைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அவ்வுழைப்பின் பெருமையைச் சொல்லி அம்மரணத்தை மறைப்பது அதனினும் பெரிய அநியாயம். நூறு பேர் ஒரே மூச்சாக இயங்கவேண்டும் என்னும் ஒழுங்கு, வாசிப்பில் அழகாகிறது. அதே ஒழுங்கு, புதிதாக வருபவன் வலியைத் தாங்கித் தன் விசுவாசத்தை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் மூர்க்கமாகவும் மாறக்கூடும். முன்னதை ஆசிரியர் கற்பிக்கிறார். பின்னதை, அவர் பார்வை எட்டாத இடத்தில் மாணவர்களே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்கிறார்கள்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. ஒரு மரபைத் தொடங்கிவைப்பதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை. திடலில் நாம் கைதட்டும் அணி, பேருந்தில் ஏறிய பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கும் பொறுப்பு, கோலை அடுத்து ஏந்துபவருக்கும் உண்டு. கைதட்டும் நமக்கும் உண்டு.