லொறிக் கெமரா கடலுக்குப் போகும்போது

நாம் விற்கின்ற பொருள் எங்கே போய்ச் சேருகின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்கின்றோம்? வாகன உதிரிப்பாகம் விற்கின்ற எனக்கு இந்தக் கேள்வியை ஒரு படகு முதலாளிதான் கற்றுத் தந்தார்.

சில வருடங்களுக்கு முன்பு பேருவளையிலிருந்து வந்த வயதான நானா ஒருவர், "தம்பி, லொறிக்குப் போடுற ரிவர்ஸ் கெமரா ஒண்டு தாங்க. எங்கட போட்ல பிளொட்டர் ஒண்டு ஈக்குது. அதுல பின்பக்கத்தப் பாக்கோணும்" என்றார். "வேலை செய்யும் நானா" என்று சொல்லி, விலை குறைந்த ஒன்றைச் சுற்றிக் கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே கெமராவுடன் வந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது. கடலில் மூன்றாம் நாளே படம் போய்விட்டதாம். ஆனால், அவர் சொல்ல வந்தது அதுவல்ல. துறைமுகத்திலிருந்து படகைப் பின்னால் எடுக்கும்போது, திரையில் பச்சைக் கோட்டைப் பார்த்த ஸ்கிப்பர் இன்னும் இடமிருக்கின்றது என்று நம்பியிருக்கிறார். பக்கத்துப் படகின் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. கயிற்றைப் பிடித்திருந்த பையன் மயிரிழையில் கையை இழுத்துக்கொண்டான். "காசு வேணாம் தம்பி. விக்கக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லி இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் என்ன என்பதைத் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

முதலில், படகுக்காரர் மலிவான கெமராவைத் தேடுவதில் தவறு எதுவுமில்லை. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய சிறு வாகனங்கள் அனைத்திலும் பின்புறக் கெமரா கட்டாயமாக்கப்பட்டது. கோடிக்கணக்கில் செய்யப்படுகின்ற பொருள் மலியத்தான் செய்யும். படகுக்கென்றே செய்யப்படும் கெமராக்களோ சில நூறு டொலர் வரை போகின்றன. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிக் கடலுக்கு அனுப்புகின்றவர் மலிவைத் தேடுவது நியாயம். மலிவான பொருளை என்னென்ன கேட்டு, என்னென்ன சொல்லி விற்க வேண்டும் என்பதே நமது பொறுப்பு.

கேட்க வேண்டிய முதற் கேள்வி, பிளொட்டரில் வீடியோ உள்வாங்கும் வழி இருக்கின்றதா என்பது. சிலவற்றில் மஞ்சள் நிற ஆர்சிஏ சொக்கெட்டோ, பிஎன்சி சொக்கெட்டோ இருக்கும். சிலவற்றுக்குத் தனிக் கேபிள் வாங்க வேண்டும். சிறிய பிளொட்டர்கள் பலவற்றில் எதுவுமே இராது. அப்படியானால் கெமராவை விற்காமல், லொறிக்குப் போடும் ஏழு அங்குலத் தனித் திரையைக் காட்டுவதே நேர்மை. சொக்கெட் இருந்தாலும், இப்போது வருகின்ற கெமராக்களில் பல ஏஎச்டி வகையைச் சேர்ந்தவை. பழைய அனலொக் படத்தை மட்டும் எடுக்கும் பிளொட்டரில் அவை தெரியமாட்டா. பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு முறைகளில் எதுவென்பதையும் பிளொட்டரின் மெனுவில் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, படகின் மின்சாரம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பது. சாதாரணக் கார்க் கெமரா 12 வோல்ட்டுக்குரியது. 24 இல் நேரடியாகக் கொடுத்தால் எரிந்துவிடும். குறைக்கும் கொன்வேர்ட்டர் ஒன்று வேண்டும். கெமராவுக்கெனத் தனிச் சுவிட்சும், ஒரு அம்பியர் பியூஸும் போட வேண்டும். படகில் ஏற்கெனவே ஓடுகின்ற வயர்களில் கொக்கி போடுவது கூடாது. 2015 ஜனவரியில் நமது மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2016 ஜூனில் நீங்கியது. அதற்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் ஒன்றாகவே பலநாட் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. அந்தக் கருவியின் வயரிலோ ரேடியோவின் வயரிலோ கெமராவைத் தொடுப்பது சில ரூபாய் வயரை மிச்சப்படுத்தப் பெரிய தொல்லையை வாங்குவதாகும். திசைகாட்டிக்கு அருகில் வயர் ஓடினால் முள் விலகும். மட்டமான கொன்வேர்ட்டர் ரேடியோவில் இரைச்சலைக் கொண்டுவரும்.

மூன்றாவது, அந்தக் கோடுகள். பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் காரின் பின்புற உயரத்துக்கும் தரைக்கும் கணக்கிடப்பட்டவை. படகில் அவற்றுக்குப் பொருளே இல்லை. பல கெமராக்களில் சிறு வளைய வயர் ஒன்றை வெட்டினால் கோடுகள் மறைந்துவிடும். அதைக் கடையிலேயே செய்து கொடுக்க வேண்டும். இன்னொன்று, அகலமாகக் காட்டும் லென்ஸில் கிட்ட இருப்பதும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். இதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்புறம் பார்ப்பதற்காக இந்தக் கெமராக்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் மாற்றிக் காட்டுகின்றன. அதையே முன்தளத்தைப் பார்க்க வைத்தால் இடம் வலமாகிவிடும்.

நான்காவது, உப்புத் தண்ணீர். பெட்டியில் ஐபி 67 என்று அச்சிட்டிருந்தால், தூசு புகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். உப்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் அந்த இலக்கம் எதுவும் சொல்வதில்லை. கூரையின் கீழ் அலை நேரே அடிக்காத இடத்தில் வைத்து, மூட்டுகளைப் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடி, வயர் தாழ்ந்து வளைந்து மேலேறும்படி விட்டு, ஈயம் பூசிய செம்பு வயரையும் துருப்பிடிக்காத ஆணியையும் பாவித்தால் ஆயுள் கூடும். அப்படியும் ஒரு நாள் பழுதாகும். ஆகவே மேலதிகமாக ஒன்றை வாங்கி வைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்த பின்னரும் கெமரா ஒரு துணை மட்டுமே. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்கின்றது. பின்னால் ஒரு ஆளை நிறுத்திக் குரல் கொடுக்க வைத்துவிட்டுத்தான் திரையைப் பார்க்க வேண்டும்.

"இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவானே" என்று சில நண்பர்கள் என்னிடம் சொல்கின்றனர். போகட்டும். சிலர் போகத்தான் செய்தார்கள். ஆனால், கேட்டு விற்றதில் திரும்பி வந்த பொருள் குறைவு. கெமரா வாங்க வந்தவர் வயர், பியூஸ், கொன்வேர்ட்டர், மேலதிகக் கெமரா என்று முழுவதையும் ஒரே கடையில் வாங்கிச் செல்கின்றார். ஒரு கெமராவின் இலாபம் என்ன, இந்தப் பில்லின் இலாபம் என்ன என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது என் கடைப் பில்லில் ஒரு வரி எழுதுகின்றோம்: "இது வாகனத்துக்குரிய பொருள், கடலில் பாவித்தால் உத்தரவாதம் இல்லை, கோடுகளை நம்ப வேண்டாம்." அதை வாசித்துக் காட்டிவிட்டே காசு வாங்குகின்றோம். மின்விளக்கோ, மோட்டாரோ, பம்போ, நீங்கள் எதை விற்றாலும் அது வேறு எதற்கோ போகின்றது என்று தெரிந்தால் அரை நிமிடம் எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். அந்தப் பையனின் கை தப்பியது. அடுத்த முறையும் தப்பும் என்று நம்பிக் கடை திறக்க முடியாது.