கொடுக்கும் இரத்தமும் கேட்கும் உரிமையும்

நோய் வந்தால் மருத்துவம் பார்ப்பதில் நம் சமுதாயத்தார் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். நோயாளியை வேலூருக்கும் சென்னைக்கும் அழைத்துச் செல்ல வீட்டு நகையை அடகு வைக்கவும் நாம் தயங்குவதில்லை. ஆயினும், அதே மருத்துவமனையில் ஒரு மருத்துவர், "இந்நோயைப் பற்றி ஆராய்ந்து வருகிறோம், சிறிது இரத்தம் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டால் நம் முகம் மாறிவிடுகிறது. ஊரில் காய்ச்சல் பரவும் காலத்தில் சுகாதாரப் பணியாளர் வாசலுக்கு வந்தால், "இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்று உள்ளே இருந்தபடியே பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆராய்ச்சியின் கனி நமக்கு வேண்டும். அந்த மரத்துக்கு நீர் வார்க்கும் வேலை மட்டும் பிறருக்கு. இம்மனப்பான்மையை இனியும் மூடி மறைப்பதற்கில்லை.

இதன் விலை என்னவென்று அறிய நெடுந்தொலைவு போக வேண்டாம். 2018ஆம் ஆண்டு மே மாதம், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், பேராம்பிராவை அடுத்த சிற்றூரில் ஓர் இளைஞர் கடுங்காய்ச்சலால் மே 5ஆம் நாள் இறந்தார். எந்தக் கிருமி அவரைக் கொன்றது என்று சோதிக்கப்படவில்லை. அடுத்த பன்னிரண்டு நாட்களில், அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொருவர் அதே குறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். அப்போதுதான் மருத்துவர்கள் ஐயுற்று, அவருடைய மாதிரிகளை மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். வந்திருப்பது நிப்பா வைரஸ் என்பது சில நாட்களிலேயே உறுதியாயிற்று. ஆனால் அதற்குள், முதல் நோயாளி சிகிச்சை பெற்ற மருத்துவமனைகளிலேயே நோய் பலரைப் பற்றிக்கொண்டுவிட்டது. பணிவிடை செய்த லினி என்ற இளம் செவிலியும் அதற்கு இரையானார். மொத்தம் 17 உயிர்கள் போயின.

மறு ஆண்டு ஜூன் மாதம் அதே நோய் எறணாகுளத்தில் ஒரு மாணவரிடம் தோன்றியது. இம்முறை காலத்தோடு சோதித்தார்கள், காலத்தோடு கண்டார்கள். மாணவரும் பிழைத்தார், வேறொருவருக்கும் நோய் தொற்றவில்லை. கிருமி ஒன்றே. கண்டறிந்த வேகம் மட்டுமே வேறு. கோழிக்கோட்டில் எந்தக் குடும்பமும் சோதனைக்கு மறுத்ததாக நாம் கூறவில்லை. சோதிக்கப்படாமல் போயிற்று, அவ்வளவே. எவரும் மறுக்காத இடத்திலேயே பன்னிரண்டு நாள் தாமதத்துக்கு இத்தனை விலை என்றால், வாசற்கதவையே சாத்தி வைக்கும் ஊர்களில் விலை என்னவாகும் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்துவோர் கூறும் காரணங்கள் மூன்று.

"எல்லாம் தக்தீர், வருவது வந்தே தீரும், இரத்தத்தைச் சோதித்து என்ன ஆகப் போகிறது?" என்பது முதலாவது. மார்க்கத்தின் பெயரால் கூறப்படுவதால், மார்க்கத்தைக் கொண்டே இதனை எடை போடுவோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடம் வரை சென்று, நோய்ச் செய்தி கேட்டு, படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் விடை. நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர், நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறாதீர் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளையும் அவ்வேளையிலேயே எடுத்துரைக்கப்பட்டது. இக்கட்டளையை இன்று நிறைவேற்ற விரும்புவோர், எந்த ஊரில் நோய் உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டுமன்றோ? சோதனையின்றி அதனை அறிவது எங்ஙனம்? மாதிரி தர மறுப்பவர் தவக்குலைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, கட்டளையை நிறைவேற்றும் வழியையே அடைத்துவிடுகிறார்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அர்-ராஸீ பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்து நூல் எழுதினார். நோயாளரில் ஒரு சாராருக்கு இரத்தம் வாங்கி, மற்றொரு சாராருக்கு வாங்காது விட்டு, விளைவை ஒப்பிட்டவரும் அவரே. விலங்கிடம் கண்ட மருந்தின் குணம் மனிதனிடமும் அப்படியே இருக்குமென்று கொள்ளலாகாது, மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும் என்பது இப்னு ஸீனா வகுத்த விதிகளுள் ஒன்று. கிரனாடாவின் இப்னுல் கத்தீப், 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயைக் கண்டு, தொற்று என்பது அனுபவத்தாலும் கண்கூடான சான்றாலும் நிலைநாட்டப்பட்டது என்று வாதிட்டார். இவர்கள் பெயரை மீலாது மேடைகளில் முழங்கிவிட்டு, மறுநாள் சோதனைக்குழாயைக் கண்டு ஓடுவது நமக்கு அழகாகுமா?

இரண்டாவது காரணம், "நம்மைச் சோதனை எலிகளாக்குகிறார்கள்" என்பது. இது வெறும் பிதற்றல் என்று தள்ளுவோர் நியாயம் அறியாதவர். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமியர் பலர் சேர்க்கப்பட்டனர். விடுதிச் சிறுமியருக்காகப் பெற்றோர்க்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனை வன்மையாகக் கண்டித்தது. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011ஆம் ஆண்டு, அமெரிக்க உளவுத்துறை ஒரு மருத்துவரைக் கொண்டு தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் வேவு பார்த்தது. பின்னர் அந்நாட்டில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; மருந்து கிட்டாமல் முடமான குழந்தைகளும் உண்டு. நம்பிக்கையைத் திருடியவன் ஒருவன். தண்டனை அடைந்தவர்கள் வேறு யாரோ.

ஆகவே ஐயம் தவறன்று. ஐயத்தோடு நின்றுவிடுவதே தவறு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகள் மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் கிடந்தே தீர வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை. படுக்கைக்கு இடமின்றி ஏழைகள் வீட்டிலேயே மாண்டனர். அம்மையத்தில் 193 நோயாளிகள் ஓர் ஆய்வுக்கு உட்பட்டனர். ஒரு பகுதியினர் சானட்டோரியத்திலும் மறுபகுதியினர் தத்தம் எளிய வீடுகளிலும் மருந்து உண்டனர். வீட்டில் உண்டவர்களும் ஏறத்தாழ அவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்தம் வீட்டாருக்கும் அதனால் தொற்று மிகவில்லை. அம்முடிவு 1959இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று. இன்று காசநோய் மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கும் ஒவ்வொருவரும் பெயர் தெரியாத அந்தச் சென்னை ஏழைகளுக்குக் கடன்பட்டவரே. இதைவிடச் சிறந்த ஸதக்கத்துல் ஜாரியா வேறு எது?

மூன்றாவது காரணம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே வலியது. "தெரிந்தால் மானம் போய்விடும். பெண்ணுக்கு வரன் அமையாது. ஊர் தூற்றும்." 2020ஆம் ஆண்டில் இவ்வச்சத்துக்கு நாடே நெய் வார்த்தது. டில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடியவர்களின் பெயரால் ஒரு சமுதாயமே நோய் பரப்பும் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளைத் தள்ளி, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. இழிவு பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவவில்லை. நோயாளியின் மதத்தை அறிவிப்போர், அடுத்த நோயாளியைக் கட்டிலுக்கடியில் ஒளியச் செய்கின்றனர் என்பதை ஆட்சியாளரும் பத்திரிகையாளரும் உணர்தல் வேண்டும்.

அதே வேளையில் நடந்த மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. தூற்றப்பட்ட அந்தத் தப்லீக் அன்பர்களுள் குணமடைந்த பலர், பிறர் பிழைக்கட்டும் என்று தங்கள் பிளாஸ்மாவைத் தானமளித்தனர். பிளாஸ்மா உண்மையில் பயன்தருமா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து, பயனில்லை என்று அவ்வாண்டிலேயே கண்டது. கொடுத்தவர்களின் நிய்யத் வீணாகவில்லை. பயனற்ற சிகிச்சைக்காக அலைந்து பணத்தை இறைக்க வேண்டாம் என்று மற்ற குடும்பங்களுக்குச் சொல்ல முடிந்ததும் ஆய்வுக்கு உட்பட்ட நோயாளிகளாலேயே.

ஒளிப்பவர் தம் மானத்தைக் காப்பதுமில்லை. காசநோயாளி தம் வீட்டாருக்கு நோயைப் பெரிதும் தருவது, நோய் அறியப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முந்திய நாட்களிலேயே. இருமலை மறைத்து மணமுடித்து அனுப்பும் வீட்டார், புகுந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் நோயைச் சீராக அனுப்புகின்றனர். பிறர் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். அதில் மோசடி செய்யும் உரிமை எவருக்குமில்லை.

ஆராய்ச்சியாளர்க்கும் நாம் கூறுவது உண்டு. கூலிக்காரரின் இரத்தமும் கோடீசுவரரின் இரத்தமும் ஒன்றே, கேளாமல் எடுக்காதீர். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. எதற்கு எடுக்கிறீர், எஞ்சியதை என்ன செய்வீர், முடிவை யாருக்குச் சொல்வீர் என்பவற்றைத் தமிழில் எடுத்துரைப்பீர். முடிவு வந்ததும் கொடுத்தவர் வீட்டுக்கு அதனைக் கொண்டுவந்து சேர்ப்பீர். எடுக்கும்போது வாசல் தெரிந்தவர்களுக்குச் சொல்லும்போது மட்டும் வழி மறந்துவிடுவதேன்?

நம் குடும்பங்கள் அறிய வேண்டியவையும் உள. 2019ஆம் ஆண்டின் மருந்தாய்வு விதிகளின்படி, மருந்துச் சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற நமக்கு உரிமையுண்டு. ஆய்விலிருந்து எப்போது வேண்டுமாயினும் விலகலாம். விலகியதற்காக சிகிச்சையை மறுக்க எவருக்கும் அதிகாரமில்லை. கொள்ளைநோயைக் கண்டறியும் சோதனை வேறு. புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு வேறு. முன்னதற்கு மறுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு. பின்னதில் சேர்வதும் சேராததும் நம் விருப்பம். ஆயினும் கேட்டறிந்து, எண்ணிப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை.

நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேடும் சந்தாக் கணக்கும் வைத்திருக்கின்றன. மஹல்லாவில் காய்ச்சல் கண்ட செய்தியை அன்றே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கவும், ஒப்புதல் தாளை ஏழைக்குப் படித்துச் சொல்லவும், நோயாளியின் பெயர் தெருவுக்கு வராமல் காக்கவும் படித்த இளைஞர் இருவரையும் பெண்கள் இருவரையும் நியமிப்பது எந்த ஜமாஅத்துக்கும் இயலாததன்று. உலமாப் பெருமக்கள் ஜும்ஆ மேடையில் உமர் (ரலி) அவர்கள் ஸர்கிலிருந்து திரும்பிய வரலாற்றை எடுத்துரைத்து, அதன் இன்றைய பொருள் இதுவே என்று விளக்குவார்களாக. ஊரில் ஒருவரேனும் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள் என்னும் பர்ளு கிஃபாயா வகையிலேயே இதனையும் நாம் வைத்தெண்ண வேண்டும். அடுத்த காய்ச்சல் நம் மஹல்லாவைத் தேடி வருமுன் இவ்வேற்பாடு முடிந்திருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.